வடிவக்கா நம்பர்

எனக்கு இருபத்து மூன்று பேர் கொண்ட குடும்பம் என்று அந்தப் பையன் சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்ததற்காக என் வாயிலேயே நாலு போட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கே அந்தக் கவுன்டர் கண்ணாடியை உடைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி. பேர் எதற்கு? என் வீட்டுக்காரர் நெல்லையப்பனுக்கு நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போய்விட்டது. குர்லா லேத் பட்டறையில் இரும்புத் துண்டுகளைத் தேங்காய் மாதிரி தூக்கிப்போட்டுக்கொண்டிருந்த மனுஷன், எங்கள் தாராவி வீட்டு ஏணியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்குகிறார். இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காசு கட்டிச் செய்ய எங்களுக்கு வக்கில்லை. அரசாங்கத்தின் இலவச வைத்தியக் கார்டு ஒன்று இருந்தது. குடும்பத்துக்கு ஒரு கார்டு, வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு. நாங்கள் அதில் ஒரு ஊசி கூடப் போட்டுக்கொண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் போனோம்.

கவுன்டரில் இருந்த பையனின் சட்டையில் தமிழ்செல்வன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இங்கே பக்கத்துச் சுனாபட்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளையாம். பேரில் இருக்கிற தமிழ் வாய்க்கு வருவதற்குள் பாதி இந்தி ஆகிவிடுகிறது.

"ஆன்ட்டி, லிமிட் கதம். உங்க ஃபேமிலில எல்லாரும் யூஸ் பண்ணிட்டாங்க."

"யாருப்பா எல்லாரும்? நானும் இவியளும்தான். எங்களுக்குப் புள்ளகுட்டி கிடையாது."

"இங்க இருபத்து மூணு பேர் இருக்காங்களே."

திரையை என் பக்கம் திருப்பினான். குடும்பத் தலைவி சண்முகவடிவு. அது நான். கணவர் நெல்லையப்பன். அதற்குக் கீழே, மகன் ஜெயினுலாப்தீன், வயது அறுபத்தொன்று. எனக்கு வயது நாற்பத்தொன்பது. மகள் ஆபிதா. மகன் சொரிமுத்து. மகள் இசக்கிசெல்வி. இப்படியே எங்கள் சந்து முழுக்க, வரிசையாக என் வயிற்றில் பிறந்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மூச்சுவிட முடியாத நேரத்திலும் அந்த மனுஷனுக்குக் கேலி மட்டும் குறையாது. "பாத்தியா வடிவு! இருவத்தஞ்சு வருசமா புள்ள வேணும்னு கோயில் கோயிலா அலைஞ்சோம். பேசாம கம்ப்யூட்டர்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

அதற்குத்தான் சிரித்தேன்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் எவனுடைய போன் நம்பரும் ஆறு மாதம் நிலைக்காது. ரீசார்ஜ் போடாமல் செத்துப்போகும், ரயிலில் திருடு போகும், சிம் இலவசம் என்று ரோட்டோரம் எவனாவது குடை விரித்தால் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்வார்கள். கோயில் கொடை என்று ஊருக்குப் போனால் ரெண்டு மாதம் ஆளே இருக்கமாட்டான். நான் ஒருத்திதான் எந்நேரமும் வீட்டில் இருப்பேன். மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து ஜீன்ஸ் பேன்ட்டுகளில் நூல் பிசிறு வெட்டுவதுதான் என் வேலை. என் நம்பர் பதினாறு வருஷமாக மாறவில்லை. அதனால் கேஸ் சிலிண்டருக்கு, ரேஷனுக்கு, ஸ்கூலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே மொபைல் நம்பர் கேட்டாலும் சந்துக்காரர்கள் யோசிக்காமல் என் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். வடிவக்கா நம்பர் என்றே அதற்குப் பேர். ஓடிபி வந்தால் நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன். "ஏ சொரிமுத்து, கேஸுக்காரன் வந்திருக்கான், நாலு ஏழு ஒன்னு எட்டு!" கீழே எவனாவது அதை அடுத்த வீட்டுக்குக் கத்துவான். ரகசிய எண், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கூடவே எழுதி வரும். எங்கள் சந்தில் அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால்தான் சண்டை வரும்.

இதில் என்ன தப்பு? யாருக்கு என்ன நஷ்டம்? ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை, அவ்வளவுதான்.

தமிழ்செல்வன் விளக்கினான். "முன்னாடி எல்லாம் தனித்தனி கார்டு, ஆன்ட்டி. போன வருஷம் புது சைட் போட்டாங்க. பழைய டேட்டா எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தாங்க. நம்பர் சேம்னா ஃபேமிலி சேம். ஆட்டோமேட்டிக். வயசானவங்க, சின்னவங்க அதெல்லாம் பாக்காது. ஜென்ட்ஸ்னா மகன், லேடீஸ்னா மகள்."

"ஜெயினுலாப்தீன் எனக்கு மகனாப்பா? எனக்குப் பன்னெண்டு வயசு மூத்தவரு!"

"நான் என்ன பண்றது? சிஸ்டம் அப்படிக் காட்டுது."

சிஸ்டம். இந்த ஒரு வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் வெளங்கமாட்டான். முன்பெல்லாம் ஆபீஸில் ஒருவன் முடியாது என்றால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். இப்போது எவனும் முடியாது என்று சொல்வதில்லை. சிஸ்டம் சொல்லுதாம். அதற்கு ஏது சட்டை?

வரம்பில் இசக்கிசெல்வியின் குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த செலவு போயிருந்தது. சொரிமுத்து காலில் பிளேட் வைத்த செலவு போயிருந்தது. மீதி இருந்ததை ஜெயினுலாப்தீன் பாயின் டயாலிசிஸுக்கு என்று முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் உடம்பு ஊதிவிடும்.

"ஒரு வழி இருக்கு," என்றான் பையன், குரலைத் தாழ்த்தி. "இந்த ஜெயினுலாப்தீனை ரிமூவ் பண்ணிடுங்க. புடிச்சு வச்ச அமவுன்ட் ரிலீஸ் ஆயிடும். அங்கிளுக்கு ஆபரேஷன் ஆயிடும். ஹெட் ஆஃப் ஃபேமிலி நீங்கதான், ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும்."

"ரிமூவ் பண்ணா அவருக்கு?"

"புது கார்டுக்கு அப்ளை பண்ணணும்."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது ஆன்ட்டி. மாசம் ஆகலாம். ரெண்டு மாசம் ஆகலாம்."

"அதுவரைக்கும் அவரு ரத்தத்த யாரு சுத்தம் பண்ணுவா? ஒன் அப்பனா?"

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான்.

சந்தில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் வாயில் ஒன்றும் நிற்காது. சொரிமுத்துவிடம் சொல்ல, அவன் டீக்கடையில் சொல்ல, மறுநாள் மத்தியானம் ஆபிதா அக்கா ஏணி ஏறி வந்து என் முன்னால் நின்றாள். ஜெயினுலாப்தீன் பாயின் சம்சாரம்.

"வடிவு, ஒன் போனுக்கு ஒரு நம்பர் வருமாமே. அதச் சொன்னா இவிய பேரு போயிருமாமே."

"ஆமா."

"சொல்லிட்டியா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லியிருந்தா ஒங்க முகத்துல முழிச்சுக்கிட்டு இங்க உக்காந்து நூலு வெட்டிக்கிட்டு இருப்பனா? என்னன்னு நெனச்சிய என்னைய?"

அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கத்தரியை எடுத்து, குவியலிலிருந்து ஒரு பேன்ட்டை இழுத்து நூல் வெட்ட ஆரம்பித்தாள். வெட்டிக்கொண்டே சொன்னாள். "சொல்லாதன்னு சொல்ல வரல வடிவு. சொல்லுன்னும் சொல்ல வரல. வீட்ல இருக்க முடியல, அதான் வந்தேன்."

மறைக்காமல் சொல்கிறேன். அவள் போன பிறகு போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். பாய் நல்ல மனுஷன்தான், ஆனால் என் புருஷன் என் புருஷன். ஒரு ஓடிபியைச் சொன்னால் இவர் பிழைப்பார். இப்படி நினைக்க வைத்தார்களே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு மனுஷனுடைய உசிரை என் கையில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி நான் எவனிடம் கேட்டேன்?

என் வீட்டுக்காரர் கோரைப்பாயில் படுத்தபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டார். "வடிவு, எனக்காகப் பாயோட பேர வெட்டிவிட்டுராத. நான் ஆண்டு அனுபவிச்சாச்சு."

"என்னத்த ஆண்டிய? லேத் பட்டறையவா? பெரிய தியாகி! செத்து மேல போயிட்டா ஒங்களுக்கு மால போட்டு கும்புடுவாவ. இங்க நான் ஒத்தையில கெடந்து யாரப் பாத்துப் பேச? வாய மூடிக்கிட்டு மாத்திரையப் போடுங்க!"

கத்திவிட்டு நான்தான் அழுதேன்.

மறுபடி கவுன்டருக்குப் போனேன். தப்பாகச் சேர்த்ததை நீங்களே பிரித்துவிடுங்கள் என்றேன். புகார் மேலதிகாரி மேடத்துக்குப் போக வேண்டும் என்றான் தமிழ்செல்வன். சரி, அனுப்பு என்றேன். அப்போது அந்த எடுபட்ட பயல் ஒன்று சொன்னான். "ஃபேமிலி மெம்பர்ஸ் எல்லாரும் நேர்ல வந்து சைன் பண்ணணும், ஆன்ட்டி. இருபத்து மூணு பேரும். ஒரே டைம்ல." என்னைத் துரத்துவதற்காகத்தான் சொன்னான். முகத்திலேயே எழுதியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். எத்தனையோ வருஷம் அடுத்தவர்களின் ஓடிபியைக் கத்திய தொண்டை. "ஏ, எல்லாரும் கேளுங்க! குடும்பத் தலைவி சொல்லுதேன். நாளைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போகக் கூடாது. செம்பூருக்குப் போறோம்!"

எல்லோரும் வந்தார்கள். ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று வந்தார்கள். சொரிமுத்து கம்பு ஊன்றி வந்தான். இசக்கிசெல்வி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதால் ஜெயினுலாப்தீன் பாயும் வந்தார், ஆபிதா அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு. என் வீட்டுக்காரரை ஆட்டோவில் உட்காரவைத்தோம். வாசலில் காவல்காரன் கையை நீட்டி மறித்தான். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்று இந்தியில் சொன்னான். "இவங்க எல்லாரும் யாரு?"

"என் புள்ளைங்க," என்றேன் நானும் இந்தியில். "சந்தேகம்னா உள்ள போய் ஒங்க கம்ப்யூட்டரைக் கேளு."

பாயைப் பார்த்தான். அவர் தாடியைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான்.

எங்களைப் பார்த்ததும் தமிழ்செல்வன் எழுந்து நின்றுவிட்டான். கூடம் முழுக்க எங்கள் சந்துதான். குழந்தை வீறிட்டு அழுதது. சத்தம் கேட்டு மேடம் என்கிற அம்மாள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். மராத்திக்காரி, கண்ணாடி போட்டவள். என்ன கூத்து இது என்று கேட்டாள். நான் பேசினேன். எனக்கு வந்த இந்தியில், வராத இடத்தில் தமிழில், ரெண்டும் போதாத இடத்தில் கையை நீட்டிப் பேசினேன். அந்தம்மாள் கேட்டாள். அதைச் சொல்ல வேண்டும், முழுக்கக் கேட்டாள். பிறகு புகார் எழுத ஒவ்வொருவரிடமும் சொந்த மொபைல் நம்பர் கேட்டாள். சொரிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தான். பிடரியில் ஒன்று வைத்தேன்.

"புகார் மேலே போகும், பதில் வர மூன்று மாதம் ஆகும்," என்றாள் மேடம். வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறவர்களை இப்போது அசைத்தால் அவர்களுக்கு வைத்தியம் நின்றுவிடும். ஆனால் வைத்தியம் இன்னும் தொடங்காத ஆளை வெளியே எடுக்கலாம். குடும்பமே இல்லாத தனி ஆளுக்கு அன்றைக்கே புதுக் கார்டு, முழு வரம்போடு. "இவர் ஒருத்தரை மட்டும் எடுத்துவிடுங்கள்," என்று என் வீட்டுக்காரரைக் காட்டினாள்.

"எடுங்க," என்றேன். எனக்குச் சந்தோஷம் கூட வந்தது. ஒரு கணம்தான்.

"காரணம் போடணும், ஆன்ட்டி," என்றான் தமிழ்செல்வன். "கணவரை ரிமூவ் பண்ண ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு. இறப்பு. விவாகரத்து."

"நாங்க தப்பாச் சேத்துட்டோம்னு ஒரு காரணம் போட அதுல எடம் இல்லியா?"

"இல்ல ஆன்ட்டி."

"எவனும் தப்பே பண்ணமாட்டியளோ? எல்லாரும் உத்தமனுக!"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என் வீட்டுக்காரர்தான் நாற்காலியிலிருந்து சொன்னார். "மொத காரணத்தப் போட்டா பொறவு ஆபரேஷன் யாருக்கு? ரெண்டாவதப் போடு. ஒன் வாய்க்கு நான் எப்பமோ போட்டிருக்கணும்."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்செந்தூர் கோயிலில் வைத்துக் கட்டின தாலி. என் போன் கிணுகிணுத்தது. ஆறு எண்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னேன். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கட்டும், அவர்கள் செய்கிற அக்கிரமம் தெரியட்டும் என்று சொன்னேன். பையன் தலைகுனிந்து அழுத்தினான். திரையில் என் பேருக்குக் கீழே இருந்து என் புருஷன் போய்விட்டார்.

வேலை நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சாயங்காலத்துக்குள் கார்டு வந்தது. அந்த வாரமே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காலையில் பச்சை அங்கி போட்டுத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டினாள். கையெழுத்து போட வேண்டும், என்ன நடந்தாலும் சம்மதம் என்று.

"நீங்க பேஷன்ட்டுக்கு என்ன ஆவணும்?" என்று இந்தியில் கேட்டாள்.

"பெண்டாட்டி."

அவள் கையிலிருந்த சிலேட்டு மாதிரிப் பலகைத் திரையைத் தடவினாள். "டிவோர்ஸ்னு இருக்கே. இவருக்குக் குடும்பமே இல்லைன்னு இருக்கே."

நான் கத்திய கத்தலில் ரெண்டு வார்டு தள்ளி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கழுத்தில் கிடந்த தாலியை இழுத்துக் காட்டினேன். உங்கள் மேடம்தான் இப்படிச் செய்யச் சொன்னாள் என்றேன். மேடம் லீவு. உள்ளே மயக்க மருந்து டாக்டர் காத்திருக்கிறார், நேரம் போனால் வேறு நாள்தான் என்றாள் நர்ஸ். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், தெரிந்தவர் என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள், அது போதும், உள்ளே கொண்டுபோய்விடலாம்.

தெரிந்தவர்! அந்த மனுஷனுக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். எந்தக் கனவில் உளறுவார் என்று தெரியும். ஆமாம், தெரிந்தவள்தான். நாசமாய்ப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் சந்து முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. மத்தியானம் டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். ஆபிதா அக்கா என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள். நெஞ்சுக்குள் இருந்த கல் ஒன்று இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

கண் முழித்துவிட்டார் என்று சொன்னார்கள். ஓடினேன். தீவிர சிகிச்சை அறை வாசலில் ஒருவன் அதே மாதிரி ஒரு பலகைத் திரையோடு நின்றான். நெல்லையப்பன் என்றேன். தடவிப் பார்த்தான். "குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி. இவருக்கு யாரும் இல்லை," என்றான். கதவுக்குக் குறுக்கே கையை வைத்தான்.

அந்தக் கையை நான் என்ன செய்தேன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். அவன் போட்ட கூச்சல் என் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் உள்ளே போய் என் புருஷனின் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

மூக்கிலும் மார்பிலும் குழாய். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். கலைந்த தலையைப் பார்த்தார். வெளியே இன்னும் இரைச்சல்.

"சண்டை போட்டியா?" என்றார், காற்று மாதிரி.

"போட்டேன்."

"முடிஞ்சுதா?"

"இல்ல," என்றேன். "இப்பந்தான் ஆரம்பிச்சிருக்கேன்."